வேகத்தைத் திருடியவருக்கு

பாய்,

பழைய பெட்ரோலுக்கு இப்படி ஒரு நாற்றம் உண்டென்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வார்னிஷில் யாரோ புளித்த மோரை ஊற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. நம் சிவப்பு ரேஸ் வண்டியை விருதுநகரில் உங்கள் குடோனிலிருந்து கட்டி இழுத்துவந்து, சிவகாசியில் என் அச்சகத்துப் பின்கொட்டகையில் நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. மை வாடை, பசை வாடை எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு அந்த நாற்றம்தான் முதலில் வந்து வாசலில் நிற்கிறது. மிஷின் ஓட்டுகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு மட்டும் அதை முகர்ந்தால் உங்கள் குரல் கேட்கிறது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யார் மேல சந்தேகம்?"

இன்றைக்கு உங்கள் மேல்தான். போனவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன். நீங்கள் மவுத்தாகி ஒரு நோன்புக் காலமும் கழிந்துவிட்டது. உங்களை அடக்கம் பண்ணச் சந்தூக்கில் தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமையில் கேட்கிறேன். அந்த ரேஸில் நீங்கள் என்னை நம்பினீர்களா, இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் பழகியதே சந்தேகத்தில்தானே. அது சீசன் நேரம். பட்டாசு லேபிள் ஆர்டர்கள் தலைக்கு மேல் கிடந்தன. நீங்கள் பாட்டுக்கு உள்ளே வந்து, என் மேஜைமேல் ஒரு பேரிங் அட்டைப்பெட்டியை வைத்தீர்கள். முன்னே பின்னே தெரியாத ஆள். வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"விருதுநகர்ல கார் சாமான் கடை வச்சிருக்கேன். என் கடைக்கு வர்ற டூப்ளிகேட்டோட பெட்டியெல்லாம் உங்க ஊர்லதான் அச்சாகுதுங்காக. இது உங்க மிஷின்ல ஓடுனதான்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "யார்ட்ட வந்து என்ன பேசுறீக?" என்று கத்திக்கொண்டே லென்ஸை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன். "இந்தா, நீங்களே பாருங்க. செவப்பு ஒரு பக்கம் நிக்குது, நீலம் ஒரு பக்கம் நிக்குது. என் மிஷின்ல இப்பிடி ஒரு தாள் வந்துச்சுன்னா ஓட்டுனவன் மறுநா வேலைக்கு வர முடியாது."

நீங்கள் குனிந்து வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "அப்ப சரி. டீ சொல்லுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு பெட்டியில் சந்தேகம் வந்தால் நேரே என்னிடம் வந்துவிடுவீர்கள். பெட்டி என் பொறுப்பு, பெட்டிக்குள் இருக்கிற சாமான் உங்கள் பொறுப்பு. என் வீட்டுக்காரி சொல்வாள், "ஒருத்தரையொருத்தர் வேவு பாக்கத்தான் ரெண்டு பேரும் சேந்து டீ குடிக்கீக" என்று. அவள் சொன்னதில் தப்பில்லை. அடுத்த வருஷத்து லேபிள் டிசைன் எவன் கைக்கு முன்கூட்டியே போகிறதோ என்று நான் ஊரையே சந்தேகப்பட்டேன். உங்கள் சந்தேகமெல்லாம் இரும்பின் மேல். ஒரு போல்ட்டைக் கையில் வாங்கினால் அதைத் திருப்பித் திருப்பி நீங்கள் பார்க்கிற பார்வை, பொண்ணு பார்க்க வந்த மாமியார் பார்வை.

ரேஸ் பைத்தியம் நமக்கு எப்படிப் பிடித்தது என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சென்னைக்குக் கொள்முதலுக்குப் போன இடத்தில், ஊருக்கு வெளியே பந்தயம் நடக்கிறதென்று சும்மா பார்க்கப் போனோம். பெரிய பெரிய வண்டி வரும் என்று நினைத்தால், நம் ஊர் டாக்டர்கள் வீட்டு வாசலில் நிற்கிற அதே சின்னக் கார் சீறிக்கொண்டு போகிறது. ஆறு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும், இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டலாம். வண்டி மட்டும் கம்பெனியில் பிறந்தபடி இருக்க வேண்டும். இஞ்சின் வயிற்றில் கைவைக்கக் கூடாது. சீட்டுகளைக் கழற்றலாம், உள்ளே பாதுகாப்புக்கு இரும்புக் கூண்டு கட்டலாம், பிரேக் கட்டையை மாற்றலாம், சூட்டைக் குறைக்க வழி செய்யலாம். விதிப் புத்தகம் அவ்வளவுதான். நீங்கள் அதைக் கேட்டு வாங்கி, ரயிலில் விருதுநகர் வரும்வரை படித்தீர்கள். இறங்கும்போது, "அண்ணாச்சி, நம்மளும் ஒண்ணு செய்வோம்" என்றீர்கள். நானும் என் மச்சினன் செல்வமும் ஓட்டுவது, வண்டி செய்வது நீங்கள்.

நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். வேகமாகப் போகுமா? அதற்கு நீங்கள் சொன்னது எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. "வேகத்த எவனும் குடுத்துருவான் அண்ணாச்சி. மூணாவது மணி நேரத்துல எது ஒடியும்னு கேளுங்க. அதுக்குத்தான் பதில் வேணும்."

அப்படித்தான் அந்த வண்டியைச் செய்தீர்கள். எது ஒடியும், எது உருகும், எது கழன்று விழும் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு. ரேடியேட்டரை அடுத்த சைஸுக்கு மாற்றினீர்கள். முன் பம்பருக்குக் கீழிருந்து இரண்டு ரப்பர் குழாயை வளைத்துக் கொண்டுபோய், பிரேக்குக்குக் காற்று விழும்படி வைத்தீர்கள். நட்டு எல்லாவற்றிலும் துளை போட்டு, கழன்றுவிடாதபடி கம்பி கோத்துக் கட்டினீர்கள். கூண்டுக்குக் குழாய் வளைத்ததும் பற்ற வைத்ததும் உங்கள் கையாலேயே. வெல்டர் ஒருவரை நான் கூட்டிவந்தபோது, "அவரு நல்ல ஆளுதான். ஆனா இதுல உக்காரப் போறது அவரு மருமகன் இல்லையே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். கனத்தைக் குறைக்கப் பின்சீட்டு, தரைவிரிப்பு, கதவு அட்டை எல்லாம் கழற்றி எறிந்தோம். வண்டி உரித்த கோழி மாதிரி நின்றது.

அந்த வண்டியை வெம்பக்கோட்டை ரோட்டில் முதல் முதலாக எடுத்துப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆலங்குளம் பக்கத்தில் லாரி ஓடாத குவாரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கத்தான் கிளம்பினோம். உள்ளே சீட்டில்லை, கதவில் நம்பர் எழுதியிருக்கிறது, நீங்கள் காக்கிச் சட்டை, நான் கையில் கடிகாரம். வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தியதும் அந்த ரோடே அடங்கிவிட்டது. பட்டாசுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த வேன் அப்படியே திரும்பிப் போனது. எதிரே ஒரு கொட்டகையில் கதவை இழுத்துச் சாத்தினார்கள். சோதனைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நம் எதிரே வந்து நின்றாள்.

"எந்த ஆபீஸ்லருந்து வந்திருக்கீக?"

"ரேஸ் ஓட்ட வந்திருக்கோம் தாயி" என்றீர்கள் நீங்கள்.

"ரேஸா? வெம்பக்கோட்டையிலயா? யார்ட்ட காது குத்துதீக? எனக்குக் குத்தி அம்புட்டு வருசமாச்சு."

நீங்கள் சிரித்தீர்கள், நான் சிரிக்கவில்லை. அவள் வண்டியைச் சுற்றிவந்து புகைக்குழாயைக் காட்டினாள். "இதுல பொறி பறக்குமா? இங்கன மருந்து காயுது, தெரியும்லா?" உங்கள் முகம் சட்டென்று மாறிவிட்டது. "பறக்கும் தாயி. தள்ளிக்கிட்டே போயிருதோம்" என்று சொல்லி, கொட்டகைகள் எல்லாம் தாண்டும் வரை வண்டியைத் தள்ள வைத்துவிட்டீர்கள். வெயிலில் தள்ளிய கடுப்பில் நான் உங்களைத் திட்டாத திட்டு இல்லை. மறுநாளே குழாயைத் தரையைப் பார்த்துத் திருப்பி, வாயில் வலையும் வைத்துவிட்டீர்கள்.

அந்தக் குவாரி ரோட்டில் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். தனியாக. "சத்தம் கேக்கணும், ரெண்டாளு இருந்தா கேக்காது" என்றீர்கள். மூன்றாவது ஞாயிறு எனக்குக் கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வண்டி ஓடுகிறது, ஆனால் மேலே போக மாட்டேன் என்கிறது. ஒரு வேகத்துக்குமேல் எருமை மாதிரி இருந்த இடத்திலேயே நிற்கிறது. செல்வத்தைக் கேட்டால், "நல்லாத்தானே போகுது மாமா" என்கிறான். அவனுக்கு ஸ்டியரிங் கையில் கிடைத்ததே போதும். உங்களைக் கேட்டால், "புது இஞ்சின், பழகட்டும்" என்றீர்கள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. கடையில் பேரம் பேசுகிறவனைப் பார்த்து வருமே, அந்தச் சிரிப்பு.

பிறகு ஒவ்வொன்றும் சந்தேகமாகவே தெரிந்தது. கிளம்புகிறதற்கு முந்தின நாள், கழற்றி வைத்த ஸ்டெப்னி டயரைத் திரும்பவும் வண்டியின் பின்னால் வைத்து போல்ட் போட்டு இறுக்கினீர்கள். சீட்டையே கனமென்று கழற்றியாகிவிட்டது, ரேஸுக்கு ஸ்டெப்னி எதற்கு என்று நான் குதித்தேன். "ஸ்டெப்னி இல்லாம எங்க வாப்பா கடைத்தெருவத் தாண்ட மாட்டாரு. ராசின்னு வச்சுக்கோங்க" என்றீர்கள். நீங்கள் ராசி பார்க்கிற ஆளா பாய்? அடுத்தது பெட்ரோல். டேங்க் பாதி காலியானதுமே உள்ளே வந்து நிரப்ப வேண்டுமாம். எல்லா வண்டியும் கடைசிச் சொட்டுவரை ஓடும், நாம் மட்டும் எதற்கு அடிக்கடி நின்று நேரத்தை விட வேண்டும் என்று கேட்டேன். "சொன்னாச் சொன்னதுதான்" என்று முடித்துவிட்டீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோயமுத்தூர்க்காரர். டிராக்கில் நமக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்தாரே, நம்மைப் போலவே சிவப்பு வண்டி, வருஷா வருஷம் ஓட்டுகிற ஆட்கள். நீங்கள் அவரோடு ஒரு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அவர் கையை மேலே தூக்கித் தூக்கி ஏதோ காட்டுகிறார், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நான் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"என்ன பேசுனீக?"

"பம்புசெட்டு வெலை கேட்டேன்."

பம்புசெட்டு! ரேஸ் டிராக்கில்! பாய், அன்றைக்கு என் மனசு போன போக்கைச் சொன்னால் உங்களுக்குக் கபர்க்குழியில் உடம்பு திரும்பும். வண்டியை மெதுவாக ஓடவைக்க உங்களுக்கும் அவருக்கும் ஏதோ பேச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வெறியில்தான் வண்டிக்குள் தலையை விட்டுத் தேடினேன். ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குக் கீழே, தரையோடு ஒட்டி ஒரு மரக்கட்டை. கறுப்புப் பெயின்ட் அடித்து, இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. பெடல் பாதி வழியில் அதில் போய் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. கட்டையைப் பிடுங்கி உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன பாய்?"

"கட்டை."

"யார் வச்சது?"

"நான்தான் வச்சேன்."

மறுக்கவாவது செய்வீர்கள் என்று பார்த்தேன். "ஏன்?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க கோவத்துல மிதிக்கிற ஆளு அண்ணாச்சி. இஞ்சினை நம்புதேன், உங்க காலை நம்பல."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அன்றோடு உறவு முடிந்திருக்கும். நீங்களோ கட்டையை என் கையிலிருந்து வாங்கித் தூரத்தில் எறிந்துவிட்டு, "இப்பப் போய் ஓட்டிப் பாருங்க" என்றீர்கள். போனேன். அடேயப்பா! வண்டி துள்ளிக்கொண்டு போனது. பெடல் தரை வரைக்கும் போய்த் தொட்டது. வெண்ணெயில் கால் வைத்த மாதிரி இதமாக இறங்கியது. இறங்கி வந்தபோது என் கோபத்தில் முக்கால்வாசி போய்விட்டது. உங்கள் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "இனி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். பதிலுக்கு ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்தீர்கள்.

ரேஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தார் உருகுகிற வெயில். செல்வம் முதலில் ஓட்டினான், பிறகு நான், திரும்ப அவன், கடைசியில் நான். நம்மைத் தாண்டிப் பறந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. ஒன்று கொதித்தது, ஒன்றுக்குச் சக்கரம் கழன்றது, கோயமுத்தூர்க்காரர் வண்டி வளைவில் சுற்றி மணலில் போய்ப் படுத்துக்கொண்டது. நம் வண்டி மட்டும் பால்காரன் சைக்கிள் மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. நம் பிரிவில் மூன்றாவது. கொடி அசைத்தபோது நான் ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன். இறங்கியதும் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்தீகளா என் காலை! தரையோட ஒட்டிக் கெடந்துச்சு, வண்டிக்கு என்ன ஆச்சு?" என்றேன். "ஒண்ணும் ஆகல அண்ணாச்சி" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை கல்யாண வீடுகளில், எத்தனை பந்தியில் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! பாய் கட்டை வைத்தார், நான் பிடுங்கி எறிந்தேன், ஆறு மணி நேரமும் முழு மிதி மிதித்தேன், வண்டி அசையவில்லை. நீங்கள் பக்கத்திலிருந்து பிரியாணியைப் பிசைந்தபடி, "ஆமா, அண்ணாச்சி கால் இரும்புக் கால்" என்பீர்கள். ஒரு தடவைகூட முகத்தில் காட்டிக்கொள்ளவில்லையே, மனுஷனா நீங்கள்?

வண்டியை மட்டும் என்னிடம் கொடுக்கவே இல்லை. ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் பேட்டரி இல்லை என்பீர்கள். பேட்டரி வாங்கி வருகிறேன் என்றால் கார்பரேட்டரைக் கழற்றியிருக்கிறது என்பீர்கள். அப்புறம் சர்க்கரை உங்கள் காலைப் பிடித்தது, பிறகு சிறுநீரகம். அந்தப் பேச்சே விட்டுப்போனது. போன மாதம் குடோனைக் காலி செய்ய வேண்டும் என்று உங்கள் வீட்டில் தகவல் சொல்லிவிட்டார்கள். போன வாரம்தான் போக முடிந்தது. உங்கள் வீட்டுக்காரியை நான் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவேன், தங்கச்சி சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, வண்டிய நீங்க வச்சுக்கோங்க. ஆனா ஓட்டாதீக. அவுக ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட சொன்னாக. அண்ணாச்சி கேட்டா வண்டியக் குடு, சாவியக் குடுக்காதன்னு."

"ஏன்னு சொன்னாகளா?"

"கேட்டேன். சிரிச்சாக. அம்புட்டுத்தான்."

சாகிறபோதுகூட என் காலை நம்பவில்லை என்றால் எப்படி இருக்கும் எனக்கு? சாவியைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டுதான் வந்தேன். தங்கச்சி மனசு நொந்திருக்கும். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

வண்டியைக் கிளப்பக் கார்பரேட்டரைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டர் கம்பி வந்து மாட்டுகிற கொக்கி இருக்கிறதே, அதன் கை நீளமாக இருந்தது. கம்பெனிக் கை அவ்வளவு நீளம் கிடையாது. நுனியில் ஒரு துண்டு இரும்பைப் பற்ற வைத்து, அதில் புதிதாகத் துளை போட்டு, கம்பியை அங்கே மாட்டியிருந்தது. பற்ற வைத்த தழும்பைப் பார்த்தாலே தெரியும், உங்கள் கை. கம்பெனி போட்ட பழைய துளையும் பக்கத்திலேயே அப்படியே இருந்தது. கை நீளமானால் அதே மிதிக்குக் காற்றுக் கதவு குறைவாகத்தான் திறக்கும். பெடல் தரையைத் தொடும், ஆனால் இஞ்சினுக்கு முக்கால்வாசிதான் போய்ச் சேரும். பெடல் ஏன் அத்தனை இதமாக இறங்கியது என்பது அன்றைக்கு விளங்காமல் போனது பாருங்கள்.

ஆக, கட்டை எனக்காகவே வைத்தது. நான் தேடுவேன், கண்டுபிடிப்பேன், சண்டை போடுவேன், பிடுங்குவேன், அதோடு அடங்கிவிடுவேன் என்று தெரிந்தே வைத்தது. நம் ஊர்க் கடை வித்தைதானே இது. வாங்குகிறவன் போராடிக் குறைக்கட்டும் என்று விலையில் கொஞ்சம் ஏற்றி வைப்பது. குறைத்துவிட்ட சந்தோஷத்தில் அவன் சாமானைத் திருப்பிப் பார்க்க மாட்டான். சந்தேகக்காரனை ஏமாற்ற ஒரே வழி, ஒரு திருட்டை அவன் கையாலேயே பிடிக்க விடுவது. ரேஸுக்கு முன்னால் பரிசோதனைக்கு வந்த அதிகாரிகளும் அதே வண்டியைத் தலைகீழாகப் பார்த்தார்கள். அவர்கள் தேடியதெல்லாம் வேகத்தைக் கூட்டுகிற திருட்டு. வேகத்தைக் குறைக்கத் திருடுகிற ஆளை அவர்கள் எங்கே கண்டார்கள்?

சரி, என் காலைத்தான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு, கம்பியைப் பழைய துளையில் மாட்டினேன். கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டெப்னியைக் குடோனிலேயே இறக்கிப் போட்டிருந்தேன். முழுசாக மிதித்தேன் பாய். முதல் தடவையாக முழுசாக. வண்டி அலறிக்கொண்டு கிளம்பியது. எனக்கு ஒரே கும்மாளம். "பாத்தீகளா பாய், பாத்தீகளா" என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்போது பின்பக்கம் லேசானது. அதை எப்படிச் சொல்ல? முதுகுக்குப் பின்னால் வண்டியே இல்லாத மாதிரி. ஸ்டியரிங் நேரே இருக்கிறது, பின்பக்கம் மட்டும் வாலாட்டுகிறது. தூரத்தில் ஆடுகள் ரோட்டைக் கடந்தன. பிரேக்கை மிதித்ததும் பின்பக்கம் தூக்கி, என்னை முந்திக்கொண்டு முன்னால் வரப் பார்த்தது. எங்கே திருப்பினேன், எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. கருவேல முள்ளில் மூக்கை விட்டுக்கொண்டு நின்றது. ஆடுகள் பிழைத்தன. ஆட்டுக்காரர் ஓடி வந்து, "ஏ, உசுரு இருக்கா?" என்றார். கதவைத் திறந்து இறங்கினேன். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சீட்டையும் விரிப்பையும் கழற்றிப் பின்பக்கத்தின் கனத்தையெல்லாம் எடுத்துவிட்டோம். டேங்க்கும் பின்னால்தான். பெட்ரோல் குறையக் குறைய அதுவும் லேசாகும். அதனால்தான் பாதியிலேயே நிரப்பச் சொன்னீர்கள். அதனால்தான் ராசி என்று ஸ்டெப்னியைக் கொண்டுவந்து இறுக்கினீர்கள். கோயமுத்தூர்க்காரர் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டியது பின்பக்கம் எப்படி மிதக்கும் என்பதைத்தான் இருக்கும். அவர் வண்டி சுற்றியதும் அப்படித்தான். அந்த இரண்டு ஞாயிறும் குவாரி ரோட்டில் தனியாக ஓட்டியபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் செய்த வண்டியில் கோளாறு. சரிசெய்ய நாளில்லை. இந்த வேகத்துக்குமேல் இந்த வண்டியை நம்பக் கூடாது என்று ஒரு எல்லை போட்டு, அந்த எல்லைக்குள் பூட்டிவிட்டீர்கள்.

என் காலை நீங்கள் சந்தேகப்படவே இல்லை பாய். உங்கள் கையைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்ல வாய் வராமல், ஊர் பார்க்க என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றீர்கள்.

சொல்லியிருக்க வேண்டும். உயிர் என்னுடையது, என் மச்சினனுடையது. பின்பக்கம் மிதக்கிறது அண்ணாச்சி, ஊருக்குப் போய்விடுவோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ரேஸில் ஓட வேண்டும் என்ற ஆசை என்னைவிட உங்களுக்கு அதிகமாக இருந்ததோ என்று இப்போதும் ஒரு மூலையில் உறுத்துகிறது. இந்தக் கோபம் எனக்குப் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் நான் யாரென்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால், ஊருக்கும் திரும்பியிருக்க மாட்டேன், நேராகவும் ஓட்டியிருக்க மாட்டேன். வளைவுக்கு வளைவு முதுகுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போய் எதிலாவது முட்டியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். நான் பெண்டாட்டி வைக்கிற ரசத்தில் உப்பைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், மிஷின் ஓட்டுகிறவனின் சாப்பாட்டுப் பையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், என் ரத்தத்தைச் சோதித்த டாக்டரைச் சந்தேகப்பட்டு வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இந்த வயதுவரை ஒரு நாள்கூட நிம்மதியாக எதன் மேலும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர. கட்டையைப் பிடுங்கியாகிவிட்டது, இனி எனக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, அந்த வெயிலில், அந்த உரித்த வண்டிக்குள், மனசில் ஒரு பொட்டுச் சந்தேகம் இல்லாமல் ஓட்டினேன். குழந்தை தூங்குகிற மாதிரி ஓட்டினேன் பாய். இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராவிட்டால் அந்த மணி நேரங்களை நினைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன்.

அந்த நிம்மதி நீங்கள் என்னை ஏமாற்றிக் கொடுத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.